இரு குடங்களும் ஒரு சக்கரமும்

கொசத்தலையாறு கடலைத் தொடும் கழிமுகத்தை ஒட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு முகத்துவாரக்குப்பம். எண்ணூர் என்றதும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் நினைவுக்கு வரும் இந்நாளிலும், இக்குப்பத்தின் அடுப்பு எரிவது முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணலால் தூர்ந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, அதற்கு முதல் நாள் வரை அதை எதிர்பார்த்தவர் எவருமில்லை. வலை வீசுபவர் கிடைக்கப்போவதை அறிந்து வீசுவதில்லை. கடலில் கிடைக்கும் வரவை 'மீன்பாடு' என்று வழங்கும் மரபில், பாடு என்னும் சொல் கிடைத்தலையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். ஒரே சொல்லில் இரண்டும் அடங்கியிருப்பது கருதத்தக்கது.

நிச்சயமின்மையோடு இவ்வளவு நெருங்கி வாழும் மக்களிடையே, நிச்சயமின்மையை விலைக்கு விற்கும் தொழிலொன்றும் நெடுங்காலமாக நுழைந்து வந்துள்ளது. வடசென்னையில் 'காட்டன்' என்ற பெயரால் அறியப்படும் எண் சூது அவ்வகையினது. ஐரோப்பாவின் ரூலெட் சக்கரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒன்று பளிங்கு மண்டபத்தில் நடப்பது. மற்றொன்று தெருமுனையில் துண்டுச்சீட்டில் நடப்பது. இரண்டின் கணக்கையும் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் சூது

சூதாட்டம் தமிழகத்துக்கு வெளியிலிருந்து வந்த புதுமையன்று. புறநானூற்றின் 52ஆம் பாடல், பாழ்பட்ட ஊரின் பொதியிலைக் காட்டுகிறது. நரைத்த முதியோர் காய் வைத்து வல்லாடியதால் குழிந்துபோன இடங்களில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது என்பது அதன் காட்சி. வல்லாட்டம் அங்கே பழியாகப் பேசப்படவில்லை. ஊர் வாழ்ந்ததன் அடையாளமாகவே வருகிறது.

திருக்குறளிலோ நிலை வேறு. பொருட்பாலில் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூது என்னும் 94ஆம் அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வதிகாரத்தில் கவறு உருளும் இடத்துக்கு வள்ளுவர் வழங்கிய பெயர் 'கழகம்' என்பதாகும். இன்று கற்றோர் கூடும் அவைக்கும் அரசியல் அமைப்புக்கும் ஆகிவந்துள்ள அச்சொல், அவர் காலத்தில் சூதாடும் களத்தையும் சுட்டியது. சூதில் கிட்டும் வெற்றியை அவர் தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கிய மீனின் வெற்றியோடு ஒப்பிட்டார். கரையில் வாழ்வோருக்கு இந்த உவமையை விளக்கவேண்டியதில்லை. தோற்பதால் மட்டும் மனிதன் கெடுவதில்லை. முதலில் கிட்டும் சிறு வெற்றியே அவனைப் பிடித்து நிறுத்துகிறது என்பதே அதன் கருத்து.

வடமொழி மரபிலும் இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடியின் புலம்பல் இடம்பெறுகிறது. தான்றிக்காய்களே அக்காலத்துக் கவறுகள். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சூதுக்கென ஓர் அதிகாரியை அமர்த்தி, வென்ற பொருளில் 5 விழுக்காட்டை அரசுக்கு வாங்கச் சொல்கிறது. களத்தை நடத்துபவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது அங்கே வெளிப்படையாக இருந்தது. பிற்காலச் சூதுகளில் அந்தப் பங்கு ஆடுபவரின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொண்டது. மறைந்த முறையை அறிவதற்கு ரூலெட் சக்கரமே நல்ல பாடமாகும்.

சக்கரத்தின் பிறப்பு

ரூலெட் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சிறு சக்கரம்' என்பது பொருள். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் ஓயாது இயங்கும் பொறியொன்றைத் தேடியபோது இதனைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை பரவலாக வழங்குகிறது. அவர் 1658இல் 'ரூலெட்டின் வரலாறு' என்னும் பொருள்பட ஒரு நூல் எழுதியது உண்மையே. ஆயின் அந்நூல் உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றியது, சூதைப் பற்றியதன்று. பெயரொற்றுமை கதைக்கு வழி வகுத்திருக்கலாம். எனினும் பாஸ்கலுக்குச் சூதோடு மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. 1654இல் பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணையத்தை எப்படிப் பிரிப்பது என்ற வினாவை அவரும் ஃபெர்மா என்ற அறிஞரும் கடிதங்கள் வழியே ஆராய்ந்தனர். நிகழ்தகவு என்னும் கணிதத்துறை அக்கடிதங்களிலிருந்தே கிளைத்தது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பந்து உருளும் சக்கர ஆட்டங்கள் சில இருந்தன. 1739, 1745ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவற்றைத் தடை செய்தன. இன்றைய ரூலெட்டை ஒத்த ஆட்டம் 1796ஆம் ஆண்டளவில் பாரிசின் பலே ருவாயல் மண்டபங்களில் ஆடப்பட்டதை, 1801இல் வெளிவந்த ழாக் லாப்லேயின் புதினம் விவரிக்கிறது. அச்சக்கரத்தில் ஒற்றைச் சுழியம், இரட்டைச் சுழியம் என இரண்டு சுழியங்கள் இருந்தன.

பிரான்சு 1837ஆம் ஆண்டின் முடிவோடு சூதாட்ட விடுதிகளை மூடியது. ஆட்டம் செருமானியக் குளியல் நகரங்களுக்கு இடம்பெயர்ந்தது. பிரான்சுவா, லூயி என்ற பிளாங்க் உடன்பிறந்தார் 1843இல் ஓம்பூர்க்கில் இரட்டைச் சுழியத்தை நீக்கி, ஒரே சுழியமுள்ள சக்கரத்தை அறிமுகம் செய்தனர். பக்கத்து ஊர்க் களங்களைவிடத் தம் களம் ஆடுபவருக்குச் சற்றே சாதகமானது என்று காட்டிக் கூட்டத்தை ஈர்ப்பதே அவர்கள் எண்ணம். 1863இல் பிரான்சுவா பிளாங்க் மொனாக்கோவின் சூதாட்ட உரிமையைப் பெற்றார். செருமனி 1872இல் தன் களங்களை மூடியதும், மான்டி கார்லோ ஐரோப்பாவின் தனிப்பெரும் சூதுத் தலமாயிற்று. ஒற்றைச் சுழியச் சக்கரம் 'ஐரோப்பிய ரூலெட்' என்று பெயர் பெற்றது. இரட்டைச் சுழியச் சக்கரம் அமெரிக்காவில் நிலைத்தது.

இலக்கிய உலகம் இச்சக்கரத்தை மறக்கவியலாமற் செய்தவர் தஸ்தயேவ்ஸ்கி. வீஸ்பாடன், ஓம்பூர்க், பாடன்பாடன் ஆகிய ஊர்களில் தாமே ஆடித் தோற்றவர் அவர். பதிப்பாளரின் கெடுவுக்கு அஞ்சி, 1866 அக்டோபரில் 26 நாட்களில் 'சூதாடி' என்ற குறும்புதினத்தைச் சொல்லச்சொல்ல எழுதுவித்தார். சூதின் கடனைச் சூதைப்பற்றிய நூலால் அடைக்க நேர்ந்த வாழ்க்கை அது.

அமைப்பும் பந்தய வகைகளும்

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தின் விளிம்பில் 37 குழிகள் உள்ளன. 1 முதல் 36 வரையான எண்களில் 18 சிவப்பு, 18 கறுப்பு. சுழியம் மட்டும் பச்சை. எண்கள் வரிசையாக அமையவில்லை. சுழியத்தை அடுத்து ஒரு பக்கம் 32, 15, 19, 4 என்றும், மறுபக்கம் 26, 3, 35, 12 என்றும் செல்லும். சிறியதும் பெரியதும், சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வருமாறு கலைத்து வைத்துள்ளனர். களப் பணியாளர் சக்கரத்தை ஒரு திசையில் சுழற்றி, சிறு பந்தை மேல்விளிம்பில் எதிர்த்திசையில் ஓடவிடுவார். வேகம் தணிந்த பந்து சரிந்து, இடையிலுள்ள உலோகத் தடைகளில் மோதித் துள்ளி, ஏதேனும் ஒரு குழியில் அடங்கும். அதற்குச் சற்று முன்பே இனிப் பந்தயம் இல்லை என்ற அறிவிப்பு வந்துவிடும்.

பந்தயம் மேசையிலுள்ள துணிவிரிப்பில் வைக்கப்படுகிறது. அங்கே எண்கள் மூன்று நிரல்களாக, நிரலுக்கு 12 வீதம், வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே எண்ணின்மேல் வைப்பவருக்கு வென்றால் 35 மடங்கு. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுவான கோட்டின்மேல் வைத்தால் 17 மடங்கு. மூன்று எண்கள் கொண்ட வரிசைக்கு 11. நான்கு எண்கள் கூடும் மூலைக்கு 8. ஆறு எண்களுக்கு 5. ஒரு நிரலுக்கோ ஒரு பன்னிரண்டுக்கோ 2 மடங்கு. சிவப்பு அல்லது கறுப்பு, ஒற்றை அல்லது இரட்டை, 1 முதல் 18 அல்லது 19 முதல் 36 என்பவற்றுக்கு வைத்த அளவே கிடைக்கும். வென்றவருக்கு அவர் வைத்த பணமும் திரும்ப வரும்.

வகைகள் பலவாயினும் விதி ஒன்றே. 36 என்னும் எண்ணைப் பந்தயத்தில் அடங்கிய எண்களின் தொகையால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் வரும் விடையே பரிசு மடங்கு. அதாவது சக்கரத்தில் 36 குழிகளே இருப்பதுபோலப் பரிசு வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் இருப்பனவோ 37.

சுழியத்தின் கணக்கு

ஒருவர் ஒரே எண்ணின்மேல் 37 முறை, முறைக்கு 10 ரூபாய் வீதம் வைப்பதாகக் கொள்வோம். அவர் வைத்த மொத்தம் 370 ரூபாய். சராசரியாக ஒருமுறை வெல்வார். பரிசு 350, வைத்த 10, ஆக 360 ரூபாய் கைக்கு வரும். 10 ரூபாய் களத்திலேயே தங்கிவிடும். 37இல் 1 பங்கு, அதாவது 2.70 விழுக்காடு. எந்த வகைப் பந்தயத்தை எடுத்துக் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள் இருக்க, பரிசு மட்டும் 36க்கே தரப்படுவதால் அப்பங்கு 5.26 விழுக்காடாகிறது. சில ஐரோப்பிய களங்களில் சுழியம் வரும்போது சிவப்பு, கறுப்பு முதலிய சமப் பந்தயக்காரருக்குப் பாதிப்பணம் திருப்பித் தரப்படும். அங்கு அவ்வகைப் பந்தயங்களில் மட்டும் பங்கு 1.35 விழுக்காடாகக் குறையும்.

நூற்றுக்கு மூன்றுகூட இல்லையே என்று தோன்றலாம். இவ்விடத்தில்தான் கவனம் வேண்டும். இந்த விழுக்காடு கையில் கொண்டுசென்ற பணத்துக்கு உரியதன்று. மேசையில் மீண்டும் மீண்டும் வைக்கப்படும் பணத்துக்கு உரியது. 1,000 ரூபாயோடு வந்தவர் சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 சுற்று ஆடினால், வைத்த மொத்தம் 10,000 ரூபாய். அதில் 2.70 விழுக்காடு 270 ரூபாய். கொண்டுவந்த தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். சிலர் வென்று போவர், பலர் தோற்றுப் போவர். களம் மட்டும் சராசரியோடு நிற்கும். களத்துக்கு வாய்ப்பு என்பதே இல்லை. அது நடத்துவது சூதன்று, வாணிகம்.

நம்பிக்கைகளும் பிழைகளும்

1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் மான்டி கார்லோவில் ஒரு மேசையில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. கறுப்பு நீள நீள, இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று மக்கள் சிவப்பின்மேல் குவித்துப் பெரும்பணம் இழந்தனர். 26 முறை தொடர்ந்து கறுப்பு விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 13 கோடியே 68 இலட்சத்தில் ஒன்று. எனினும் 25 முறை விழுந்து முடிந்தபின், 26ஆம் முறை கறுப்பு விழுவதற்கான வாய்ப்பு 37இல் 18 என்பதே. பந்துக்கு நினைவில்லை. சென்ற சுற்றின் கடனை இந்தச் சுற்று தீர்ப்பதில்லை.

தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பது மற்றொரு பழைய உத்தி. 10 ரூபாயில் தொடங்கி இரட்டித்துச் செல்பவர் எப்போது வென்றாலும் மொத்தத்தில் 10 ரூபாய் மிச்சம் காண்பார். ஆனால் பத்துமுறை தொடர்ந்து தோற்றால் இழப்பு 10,230 ரூபாய். பதினோராம் முறை வைக்க வேண்டியது 10,240 ரூபாய். சமப் பந்தயத்தில் இத்தகைய தொடர்தோல்வி சுமார் 784 தொடர்களுக்கு ஒன்று நேரும். மற்ற 783 தொடர்களில் சேர்த்த 7,830 ரூபாயால் அந்த ஒன்றை ஈடுசெய்ய இயலாது.

சக்கரத்தை வென்றவரே இல்லையோ எனில், உண்டு; ஆயின் அவர்கள் அதிர்ட்டத்தை நம்பியவரல்லர். ஆலைத்தொழில் அனுபவமுடைய ஆங்கிலேயரான ஜோசப் ஜாகர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்டி கார்லோவில் ஒரு சக்கரத்தின் பழுதைப் பதிவேடு வைத்துக் கண்டறிந்து வென்றார். 1961இல் எட்வர்டு தார்ப், கிளாடு ஷேனன் என்ற இருவர் பந்தின் வேகத்தை அளக்கும் சிறு கணிப்பொறியை உடலில் அணிந்து ஆய்ந்தனர். புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1894இல் நாளிதழில் வெளியான மான்டி கார்லோ முடிவுகளை ஆராய்ந்து, அவை தற்செயலின் இயல்போடு பொருந்தவில்லை என நிறுவினார். களத்தில் அமராமலேயே செய்தியாளர் எண்களைக் கற்பனையாக எழுதி அனுப்பியிருக்கலாம் என்பது பின்னையோர் விளக்கம். தற்செயலைக் கற்பனையால் போலி செய்வதுகூட மனிதனுக்கு எளிதன்று போலும்.

மாலுமிகளின் லங்கர் கட்டை

ரூலெட் மேசை தமிழகத்தில் சட்டப்படி எங்கும் இல்லை. இந்தியாவில் கோவாவும் சிக்கிமுமே அதற்கு இடம் தந்துள்ளன. கோவாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1992இலும் 1996இலும் திருத்தப்பட்டு, விடுதிகளில் பொறியாட்டமும் நீரில் மிதக்கும் கப்பல்களில் மேசையாட்டமும் அனுமதி பெற்றன. தமிழர் பெருகி வாழும் சிங்கப்பூரில் 2010இல் இரண்டு களங்கள் திறக்கப்பட்டன. உள்நாட்டார் நுழைய 100 வெள்ளி கட்டவேண்டும் என்ற விதியும் உடன்வந்தது. 2019இல் அது 150 வெள்ளியாக உயர்ந்தது. வெளியாரிடம் வாங்கும் பண்டத்தைத் தன் பிள்ளைகளுக்குத் தயங்கித் தரும் அரசின் மனநிலை இதில் வெளிப்படுகிறது.

சக்கரம் வராத ஊர்களுக்குக் கட்டை வந்தது. தமிழகத்துத் திருவிழாக் கூட்டங்களில் காவல்துறையினர் அவ்வப்போது பிடிக்கும் 'லங்கர் கட்டை' அவ்வகையினது. ஆறு முகங்களிலும் எண்ணுக்கு மாறாகக் கிரீடம், நங்கூரம், சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்கள் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலேயக் கடற்படையினர் 18ஆம் நூற்றாண்டு முதல் ஆடிவந்த 'கிரீடமும் நங்கூரமும்' என்ற ஆட்டத்தின் சின்னங்கள் இவையே. லங்கர் என்பது நங்கூரத்துக்குரிய பாரசீகச் சொல். ஆகவே இவ்வாட்டத்தின் பெயரிலேயே கப்பலின் வாடை உள்ளது.

மூன்று கட்டைகளை உருட்டும் மாலுமிகளின் முறைப்படி, வைத்த சின்னம் ஒரு கட்டையில் வந்தால் ஒரு மடங்கு, இரண்டில் வந்தால் இரு மடங்கு, மூன்றிலும் வந்தால் மும்மடங்கு பரிசு. ஆறு சின்னம், மூன்று கட்டை. எனவே பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மனம் கணக்கிடும். உண்மையில் 216 விதங்களில் 125 விதங்களில் அச்சின்னம் வரவே வராது. 75 விதங்களில் ஒருமுறை, 15 விதங்களில் இருமுறை, ஒரேயொரு விதத்தில் மும்முறை வரும். வரவு 75, 30, 3 ஆக 108, இழப்பு 125. வேறுபாடு 17. அதாவது கட்டை உருட்டுபவரின் பங்கு 7.87 விழுக்காடு. மான்டி கார்லோவில் செல்வர் இழப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விகிதத்தில், திருவிழாவுக்கு வந்த கூலியாள் இழக்கிறார்.

பஞ்சு விலையும் பம்பாய்க் குடமும்

'காட்டன்' சூதின் பெயரில் பருத்தி இருக்கிறது. ஆட்டத்தில் பருத்தி இல்லை. இதன் வரலாறு பம்பாய்க்குச் செல்கிறது. நியூயார்க்குப் பருத்திச் சந்தையின் தொடக்க, முடிவு விலைகள் தொலையச்சு வழியாகப் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. அவ்விலையின் இலக்கங்கள் எவையாக அமையும் என்பதன்மேல் மக்கள் பணம் கட்டினர். கடல்கடந்த சந்தையின் விலையைத் தெருச் சூதாடியோ தரகரோ மாற்ற முடியாது என்ற நம்பிக்கையே அதன் முதல். 1961இல் அவ்வழக்கம் நின்றது. 1962இல் கல்யாண்ஜி பகத்தும், 1964இல் ரத்தன் கத்ரியும் விலைக்கு மாற்றாகத் தாமே எண்களை எடுக்கும் முறையைத் தொடங்கினர். எண்கள் எழுதிய சீட்டுகளை மண்குடத்தில் இட்டு எடுத்ததால் அது 'மட்கா' எனப்பட்டது. மட்கா என்றால் குடம். பின்னர்க் குடம் மறைந்து சீட்டுக்கட்டு வந்தது, பெயர் நிலைத்தது.

மூன்று எண்களை எடுத்துக் கூட்டி, கூட்டுத்தொகையின் கடைசி இலக்கத்தை வெற்றி எண்ணாகக் கொள்வது அதன் முறை. 5, 3, 6 வந்தால் தொகை 14. வெற்றி எண் 4. பத்து இலக்கங்களில் ஒன்றைச் சரியாகச் சொன்னவருக்கு ஒன்பது மடங்கு தருவது பம்பாய் வழக்கு. பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 விழுக்காடு, நடத்துபவருக்கு. 00 முதல் 99 வரை நூறு எண்களில் ஒன்றுக்கு 70 மடங்கு தருவதாக ஒருவர் அறிவித்தால், அவர் பங்கு 30 விழுக்காடாகிவிடும். ஆடுபவர் காதில் விழுவது 'எழுபது மடங்கு' என்ற இனிய சொல்லே. விடுபட்ட முப்பதை எவரும் உரக்கச் சொல்வதில்லை.

பம்பாயில் மட்காவின் முதன்மையான ஆட்டக்காரர் பஞ்சாலைத் தொழிலாளர். 1982இல் தொடங்கிய நெடிய வேலைநிறுத்தத்தால் ஆலைகள் மூடப்பட, அவ்வாட்டமும் அங்கே தளர்ந்தது. ஆலை, துறைமுகம், நாட்கூலி ஆகியவை இணைந்த வடசென்னையிலும் இத்தகைய சூது வேர்கொண்டது தற்செயலன்று. நாளுக்கு நாள் பணம் வருமிடத்தில் நாளுக்கு நாள் கட்டும் ஆட்டம் பொருந்துகிறது. பத்து ரூபாய்க்கும் இடமளிப்பது அதன் கருணையன்று, வாணிகத் தந்திரம்.

சட்டத்தின் பார்வை

சென்னை மாநகர்க் காவல் சட்டம் 1888ஆம் ஆண்டையும், சென்னைச் சூதாட்டச் சட்டம் 1930ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. திறமையால் அமையும் ஆட்டத்தையும் வாய்ப்பால் அமையும் ஆட்டத்தையும் வேறுபடுத்துவது இந்தியச் சூதாட்டச் சட்டங்களின் பொதுவான அடிப்படை. அவ்வழியில் உச்ச நீதிமன்றம் 1967இல் ரம்மிச் சீட்டையும், 1996இல் சென்னை வழக்கொன்றில் குதிரைப் பந்தயத்தையும் திறமையின்பாற் சேர்த்தது. 1957இல் வந்த மற்றொரு தீர்ப்பு, சூதாட்டம் அரசமைப்பு காக்கும் வாணிகமாகாது என்று கூறி, இருக்குவேதத்தையும் பாரதத்தையும் துணைக்கழைத்தது. ரூலெட்டைத் திறமையின்பாற் சேர்க்க எவரும் வாதிட வழியில்லை. அது வாய்ப்பின் தூய வடிவம்.

அரசும் இக்களத்துக்கு வெளியே நின்றதில்லை. தமிழ்நாட்டரசின் பரிசுச்சீட்டு 1968இல் தொடங்கியது. 2003இல் பரிசுச்சீட்டு விற்பனை மாநிலத்தில் தடைசெய்யப்பட்டது. ஒற்றை இலக்கச் சீட்டுகளை நடுவணரசின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே விலக்கியிருந்தது. பின்னர்ச் சூது கைப்பேசிக்குள் புகுந்தது. அதனைத் தடுக்கத் தமிழக அரசு கொணர்ந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை அளித்தபின், புதிய சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் வாய்ப்பு விளையாட்டுகளின் மீதான தடையை ஏற்று, ரம்மி, போக்கர் பற்றிய பகுதியை மட்டும் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடு கருதாமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்கிறது. மேசையில் பந்து நிற்கக் காத்திருக்கும் நேரமேனும் ஆடுபவருக்கு ஓய்வாக இருந்தது. திரைச்சக்கரத்தில் அந்த ஓய்வும் இல்லை. பங்கு சிறிதாயினும் சுற்றுகள் பெருகினால் இழப்புப் பெருகும் என்ற முற்கூறிய கணக்கு இங்கே முழுமையாக விளங்கும்.

உத்திரமேரூர்க் குடமும் கழிமுகத்துப் பாடும்

தற்செயல் என்பது தன்னளவில் தீயதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை, மற்றொரு குடத்தைக் காட்டுகின்றன. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, அனைவரும் கேட்கப் படித்தார். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் பெயருக்குக் குடத்தில் இடமில்லை. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவருக்கே அவ்வுரிமை இருந்தது என்ற குறையை மறைப்பதற்கில்லை. எனினும் பொறாமைக்கும் கைக்கூலிக்கும் இடமின்றிப் பொறுப்பைப் பகிர, அக்குடம் தற்செயலைக் கருவியாகக் கொண்டது.

அம்மரபின் நிழல் கடற்கரையிலும் விழுந்துள்ளது. பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் வழக்கத்துக்குப் 'பாடு' என்பதே பெயர். கொச்சிக் காயலிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடும் முறை அறியப்பட்டுள்ளது. நல்ல இடமும் வறிய இடமும் எல்லார்க்கும் சுழன்று வரவேண்டும் என்பதே இம்முறைகளின் உள்ளீடு. பாட்டுரிமை சில குடிகளுக்கு மட்டுமே உரியதாக இருப்பதைக் குறைகூறுவோரும் உளர். ஆயினும் இங்கே சுழலும் சக்கரத்தில் சுழியக் குழி இல்லை. பங்கிடுபவர் தமக்கென ஒரு பங்கை ஒளித்து வைப்பதில்லை. இன்று வெறும் வலையோடு திரும்பியவர்க்கும் நாளைய முறை உண்டு.

நிறைவாக

மூன்று கலங்கள் இவ்வரலாற்றில் எதிர்ப்படுகின்றன. உத்திரமேரூர்க் குடம் பொறுப்பைப் பகிர்ந்தது. பம்பாய்க் குடம் கூலியை உறிஞ்சியது. மான்டி கார்லோச் சக்கரம் அவ்வுறிஞ்சலுக்கு அழகிய வடிவம் தந்தது. மூன்றிலும் தற்செயல் ஒன்றே. கலத்தை வைத்திருப்பவர் யார், அவர் எடுப்பது எவ்வளவு, அது வெளியே தெரிகிறதா என்பவையே வேறுபாடுகள்.

பாரதத்தின் நளன் கதையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. சூதில் நாடிழந்து தேரோட்டியாய் வாழும் நளனுக்கு, இருதுபன்னன் ஒரு தான்றிமரத்தின் இலையையும் காயையும் நொடியில் எண்ணிக் காட்டுகிறான். எண்ணும் கலையையும் சூதின் மறையையும் கற்பிக்கிறான். அவ்வறிவு உள்ளே சென்றதும் நளனைப் பற்றியிருந்த கலி வெளியேறுகிறான். மந்திரத்தாலோ தவத்தாலோ நீங்காத கலி, கணக்கறிவால் நீங்கியதாகக் கதை கூறுகிறது.

முகத்துவாரக்குப்பத்தின் பிள்ளைகள் பள்ளிப் பாடநூலில் நிகழ்தகவைக் கற்கிறார்கள். நாணயத்தையும் பகடையையும் கொண்டு அங்கே கற்பிக்கப்படும் பாடம், தெருமுனைத் துண்டுச்சீட்டின் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்கப்படுமானால், நூறில் விடுபட்ட அந்த முப்பதை அவர்கள் தாமே எண்ணிச் சொல்வர். கடலின் நிச்சயமின்மையை எவராலும் நீக்க இயலாது. அதன்மேல் மற்றொரு நிச்சயமின்மையை விலைகொடுத்து வாங்காதிருக்க, அந்தக் கணக்கு உதவும்.